45 வயதில் சிப்பாய் ஆனவர்

1792 ஜூலை மாதம். தென் பிரான்சில் தூலூஸ் நகரத்துக்குப் பக்கத்தில், கால்வாயில் ஒரு படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. படகில் ஒரு சவப்பெட்டி. பக்கத்தில் அதைவிட்டு நகராமல் ஒரு மனிதர். ஸ்காட்லாந்துக்காரர், பெரிய நிலப்பிரபு. பெயர் தாமஸ் கிரகாம். பெட்டிக்குள் இருந்தது அவருடைய மனைவி மேரி.

பிரான்சில் புரட்சி கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஊருக்கு ஊர் ஆயுதம் தாங்கிய தேசியக் காவல் படையினர். வெளிநாட்டுக்காரன், அதிலும் பிரபு, அதிலும் ஒரு பெரிய பெட்டியோடு போகிறான் என்றால் விடுவார்களா? நிறுத்தினார்கள். நல்ல போதையில் இருந்தார்கள். பெட்டிக்குள் கடத்தல் சரக்கு இருக்கும் என்றார்கள். கிரகாம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார், தடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கலகலவென்று சிரித்தபடி சவப்பெட்டியை உடைத்துத் திறந்தார்கள்.

சரக்கு எதுவும் இல்லை. மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்களுக்கு அது ஒரு பொழுதின் வேடிக்கை. கிரகாமுக்கோ, அதுவரை வாழ்ந்த வாழ்க்கை அந்தக் கால்வாய்க் கரையோடு முடிந்துபோனது. அந்த நாளுக்கு முன்பு துப்பாக்கியை வேட்டைக்குத் தவிர வேறெதற்கும் எடுக்காத மனிதர், அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கும் மேலாக பிரெஞ்சுப் படைகளைத் தேடித் தேடிப் போய்ச் சண்டை போட்டார். நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதிகளில் முக்கியமான ஒருவர் ஆனார். பிறகு லைனடாக் பிரபு என்று பட்டம் வாங்கினார்.

அதற்கு முன் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்கவேண்டும்.

ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் பகுதியில் பால்கவன் என்ற எஸ்டேட். அதன் வாரிசாக 1748 அக்டோபரில் பிறந்தவர் தாமஸ் கிரகாம். கூடப் பிறந்த ஆண் பிள்ளைகள் தங்கவில்லை, இவர் ஒருவர்தான் பிழைத்தார். அம்மா, ஹோப்டவுன் பிரபுவின் மகள். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அப்பா போய்விட, மொத்த சொத்தும் கைக்கு வந்தது. ஐரோப்பாவைச் சுற்றினார். பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாம் பேசக் கற்றார். வேட்டை, குதிரை, விவசாயம்... ராணுவம் என்ற எண்ணமே கிடையாது.

1774 டிசம்பர் 26 அன்று மேரி கேத்கார்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். மணமகளுக்கு வயது 17. அவருடைய அப்பா கேத்கார்ட் பிரபு ரஷ்யாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர். இளமையில் போரில் பட்ட காயத்தை மறைக்கக் கன்னத்தில் கறுப்புப் பட்டுத்துணி ஒட்டிக்கொண்டு திரிந்ததால், ஊரே அவரைப் பட்டைபோட்ட கேத்கார்ட் என்றுதான் கூப்பிட்டது. அதே நாளில் மேரியின் அக்கா ஜேனுக்கும் கல்யாணம். அந்த மாப்பிள்ளை சாதாரண ஆள் இல்லை, அத்தோல் டியூக். அதாவது நம் கிரகாமுக்குச் சகலை ஒரு டியூக்!

இந்த மாதிரி நேரத்தில் எந்த மாமனாரும் டியூக் மாப்பிள்ளையைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார். கேத்கார்ட் அப்படிச் செய்யவில்லை. பெரியவள் ஒரு டியூக்கைக் கட்டிக்கொண்டாள், சின்னவள் தன் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள், அவன் இளவரசர்களுக்குச் சமமானவன் என்கிற மாதிரி பெருமையாக எழுதி வைத்தார்.

இந்தத் தம்பதியைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் எல்லாமே ஒரே ரகம்தான். எடின்பரோவில் ஒரு பெரிய நடன விருந்து. கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் மேரியின் நகைப்பெட்டியைக் காணோம், பால்கவன் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கிரகாம் ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரையில் ஏறினார். வழியில் குதிரைகளை மாற்றி மாற்றி, போக வர 90 மைல் ஓட்டி, விருந்து தொடங்குவதற்குள் பெட்டியோடு வந்து நின்றாராம்.

இன்னொரு கதை லண்டனில் நடந்தது. விருந்துக்குப் போகிற வழியில் வழிப்பறிக்காரர்கள் வண்டியை மறித்தார்கள். ஒருவன் குதிரைகளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் மேரி உட்கார்ந்திருந்த பக்கம் வந்து நகைகளைக் கேட்டான். எதிர்ப்பக்கம் இருந்த கிரகாம் மனைவியைத் தாண்டிப் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளி, இடுப்பில் அலங்காரத்துக்குக் கட்டியிருந்த வாளை உருவிவிட்டார். மற்றவன் ஓடியே போய்விட்டான். கதைகளில் கொஞ்சம் கை கால் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஊர் ஒரு மனிதனைப் பற்றி என்ன கதை கட்டுகிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது அல்லவா?

அந்தக் காலத்தின் பெரிய ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ, மேரியை ஆளுயரத்தில் வரைந்தார். 1777-ல் லண்டன் ராயல் அகாடமியில் அந்த ஓவியம் வைக்கப்பட்டபோது கூட்டம் அதன் முன்னால்தான். ஒரு தூணில் லேசாகச் சாய்ந்து நிற்கிறார் மேரி. சிவப்புப் பட்டுப் பாவாடை, அதற்குமேல் வெள்ளிபோல் மின்னும் வெண்பட்டு, தலையில் இறகு வைத்த தொப்பி, கையில் ஒரு இறகு. முகத்தில் மட்டும் அத்தனை ஆடம்பரத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு அமைதி. அதே கெயின்ஸ்பரோ, கையில் துடைப்பத்தோடு வாசலில் நிற்கும் ஒரு வேலைக்காரப் பெண்ணை வரையத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். அதற்கும் நின்றது மேரிதான் என்று கருதுகிறார்கள். பிரபு வீட்டுப் பெண் துடைப்பத்தோடு நிற்கச் சம்மதித்தார் என்றால், குறும்பும் இருந்திருக்கிறது.

கிரகாம் நல்ல விவசாயி. நல்ல இன மாடுகளையும் குதிரைகளையும் ஊருக்குக் கொண்டுவந்தார். 1787-ல் ஆற்றங்கரையில் லைனடாக் என்ற எஸ்டேட்டை வாங்கினார். ஸ்காட்லாந்தில் பதிவான முதல் கிரிக்கெட் மேட்ச் 1785-ல் அல்லோவாவில் நடந்தது. அதில் சகலை அத்தோல் டியூக்கின் அணியில் ஆடினார் கிரகாம். குழந்தைகள் மட்டும் இல்லை.

குறை என்று சொன்னால் இன்னொன்றும் இருந்தது. மேரிக்குக் காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து என்று எதுவுமில்லை. வெயில் உள்ள ஊருக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். போர்ச்சுகல் போனார்கள், கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள். கடைசியாகத் தென் பிரான்ஸ். 1792 ஜூன் 26 அன்று, இயேர் கடற்கரைக்கு அப்பால் கப்பலிலேயே மேரியின் உயிர் பிரிந்தது. வயது 35.

கல்யாணமாகிப் பதினேழரை வருடம். உடலை அங்கேயே புதைக்க கிரகாமுக்கு மனசு வரவில்லை. சொந்த ஊரில்தான் அடக்கம் என்று படகு பிடித்து, கால்வாய் வழியாக போர்டோ துறைமுகத்தை நோக்கிக் கிளம்பினார். நடுவில்தான் தூலூஸ்.

மேரியை பெர்த்ஷயரில் மெத்வென் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்து, ஒரு கல்லறை மண்டபமும் கட்டினார். கெயின்ஸ்பரோ வரைந்த ஓவியத்தைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. அதைப் பெட்டியில் வைத்து மூடி அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்.

பிறகு ஊர் தங்கவில்லை. அலைந்தார். 1793-ல் ஜிப்ரால்டரில் இருந்தபோது பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் தொடங்கியிருந்தது. தூலோன் துறைமுகத்தை நோக்கிப் போன பிரிட்டிஷ் கப்பல்படையில், தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் போய் நின்றார். சம்பளம் இல்லை, பதவி இல்லை, வெறும் தொண்டர். வயது 45-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஓய்வுபெறுவதைப் பற்றி யோசிக்கும் வயது.

தூலோனில் ஒருநாள் சண்டையின் நடுவே ஒரு சிப்பாய் சுடப்பட்டு விழுந்தான். கிரகாம் அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவன் இடத்தில் நின்று முன்னே போனார். எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சு பீரங்கிகளை நடத்திக்கொண்டிருந்தவன் 24 வயதுப் பையன் ஒருவன். அவன் பெயர் நெப்போலியன் போனபார்ட்.

ஊர் திரும்பியதும் கிரகாம் சும்மா இருக்கவில்லை. 1794-ல் சொந்தச் செலவில் ஆள் சேர்த்து ஒரு படையையே உருவாக்கினார். 90-வது ரெஜிமென்ட், பெர்த்ஷயர் வாலண்டியர்ஸ். சாம்பல் நிறக் கால்சட்டை போட்டதால் ஊரில் அதற்குச் செல்லப்பெயர் வேறு. அவருக்குத் துணையாக வந்த ரோலண்ட் ஹில் என்ற இளைஞர், பின்னாளில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதி ஆனார். அதே வருடம் கிரகாம் பெர்த்ஷயரின் எம்.பி.யும் ஆனார்.

ஆனால் ராணுவத் தலைமையகம் அவரை முழு சிப்பாயாக ஏற்கவில்லை. முறைப்படி கீழிருந்து வராதவர். கர்னல் என்ற பதவி தற்காலிகம்தான், போர் முடிந்தால் அதுவும் போய்விடும் என்றார்கள். மனு மேல் மனு போட்டார். சட்டம் சட்டம்தான் என்று பதில் வந்தது. பணத்தைக் கொட்டி ரெஜிமென்ட் கட்டியவருக்கே அந்த கதி! அரசாங்க ஆபீசில் அலைந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

பதவி தராவிட்டால் போகட்டும், சண்டை இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள் என்றார். 1796-ல் இத்தாலியில் நெப்போலியனோடு மோதிக்கொண்டிருந்த ஆஸ்திரியப் படைக்கு பிரிட்டிஷ் பிரதிநிதியாகப் போனார். போன இடத்தில் மாந்துவா கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே பிரெஞ்சு முற்றுகை, உள்ளே பசியும் காய்ச்சலும். குதிரைகளைக் கொன்று தின்றுகொண்டிருந்தார்கள். நிலைமையை வெளியே இருக்கும் ஆஸ்திரியத் தளபதியிடம் யாராவது போய்ச் சொல்லவேண்டும். நான் போகிறேன் என்றார் 48 வயது ஸ்காட்லாந்துக்காரர்.

டிசம்பர் கடைசி. கொட்டும் மழை, இருட்டு. மாறுவேடத்தில் படகில் ஏறினார். படகு இருட்டில் திரும்பத் திரும்பத் தரைதட்டியது. இறங்கி சதுப்பு நிலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். பகலில் ஒளிந்துகொள்வது, இரவில் நடப்பது. பிரெஞ்சுக் காவல் வரிசைகள் அத்தனையையும் தாண்டி, ஜனவரி 4 அன்று ஆஸ்திரிய முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். இத்தனை பாடுபட்டும் பலனில்லை. பத்து நாளில் ரிவோலியில் நெப்போலியன் அந்தப் படையையே நொறுக்கிவிட்டார், மாந்துவாவும் விழுந்தது. ஆனாலும் அந்த இரவுப் பயணம் கிரகாமின் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது.

அதன்பிறகு மினோர்கா, மால்டா என்று எங்கெங்கோ போனார். மால்டாவில் வலெட்டா கோட்டையைச் சுற்றி மாதக்கணக்கில் முற்றுகை நடத்தினார். கோட்டை விழப்போகிற நேரத்தில் அவரைவிடப் பெரிய பதவிக்காரர் ஒருவர் வந்து இறங்க, சரணாகதியை வாங்கும் பெருமை அவருக்குப் போனது. பதவி இல்லாததன் பலன்!

1808-ல் சர் ஜான் மூர் என்ற தளபதிக்கு உதவியாளராக ஸ்பெயின் போனார். மூரும் ஸ்காட்லாந்துக்காரர், கிளாஸ்கோ டாக்டரின் மகன், கிரகாமைவிடப் பதின்மூன்று வயது இளையவர். பனியில், மலைகளில், பிரெஞ்சுப் படை துரத்தத் துரத்தப் பின்வாங்கி கொருன்யா துறைமுகத்தை அடைந்தார்கள். 1809 ஜனவரி 16-ல் அங்கே நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு ஒன்று மூரைக் குதிரையிலிருந்து தூக்கியெறிந்தது. கிரகாம் இறங்கி ஓடினார். மூரின் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாததைப் பார்த்து, அடிபடவில்லை என்றே முதலில் நினைத்தார். பிறகுதான் சிதைந்துபோன தோளும் ரத்தமும் கண்ணில் பட்டன. டாக்டரைத் தேடிக் குதிரையை விரட்டினார். மூர் அன்றிரவே இறந்தார்.

கிரகாமுக்கு நிரந்தரப் பதவி தரவேண்டும் என்பது மூரின் கடைசி விருப்பம் என்று சொல்லப்பட்டது. இத்தனை வருடம் அசையாத சட்டம் அதற்கு அசைந்து கொடுத்தது. 60 வயதில் தாமஸ் கிரகாம் முறைப்படி மேஜர் ஜெனரல் ஆனார்.

இரண்டு வருடம் கழித்து வந்தது பரோசா. ஸ்பெயினின் தென்கோடியில் காடிஸ் நகரம் பிரெஞ்சு முற்றுகையில் இருந்தது. முற்றுகைப் படையைப் பின்பக்கமாகத் தாக்குவது என்று ஸ்பானியர்களும் பிரிட்டிஷ்காரர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். மொத்தத்துக்கும் தலைமை ஸ்பானியத் தளபதி லா பென்யா, அவருக்குக் கீழே கிரகாம். 1811 மார்ச் 5. பரோசா குன்றில் நின்ற படையை இறக்கி முன்னே அனுப்பினார் லா பென்யா. காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, காலியான குன்றை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று.

யாரையும் கேட்க நேரமில்லை. 62 வயதுக் கிழவர் தன் 5,000 பேரையும் அப்படியே திருப்பினார். முழுப் படையும் அணிவகுக்கும்வரை எதிரியைத் தடுத்து வைக்க யாராவது பலியாகத்தான் வேண்டும். மேஜர் பிரவுன் என்பவரின் 500 சொச்சம் ஆட்களைக் குன்றின் மேல் ஏறச் சொன்னார். மறைவு என்று ஒரு புதர் கிடையாது. பிரவுன் தொப்பியைக் கழற்றி, கப்பல்காரர்கள் பாட்டு ஒன்றை உரக்கப் பாடிக்கொண்டே முன்னால் போனார். முதல் சுற்றுச் சூட்டிலேயே ஏறக்குறைய 200 பேர் விழுந்தார்கள். மிச்சப் பேர் சிதறி நின்று சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த இடைவெளியில் கிரகாமின் படை வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. தங்களைவிட அதிகமாக இருந்த பிரெஞ்சுப் படையை பிரிட்டிஷ்காரர்கள் துரத்திவிட்டார்கள். அயர்லாந்து ரெஜிமென்ட் ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் உயிரைவிடப் பெரிதாக நினைக்கும் தங்கக் கழுகுச் சின்னத்தைப் பிடுங்கியது. விலை, இவர்கள் பக்கம் 1,200 பேருக்கு மேல், அவர்கள் பக்கம் 2,000-க்கு மேல். லா பென்யா கடற்கரையோரம் தன் படையோடு நின்றுகொண்டே இருந்தார். உதவிக்கு வரவில்லை.

இந்த வெற்றிக்கு ஸ்பானிய நாடாளுமன்றம் கிரகாமுக்கு ஒரு டியூக் பட்டம் கொடுக்க முன்வந்தது. அந்தக் குன்றுக்கு உள்ளூர்ப் பெயர் பன்றித்தலை. அதாவது பன்றித்தலைக் குன்றின் டியூக்! கிரகாம் வேண்டாம் என்றுவிட்டார். சிரித்துக்கொண்டே மறுத்தாரா, லா பென்யா மேல் இருந்த கோபத்தில் மறுத்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

பட்டத்தைவிட ஒரு நாய்க்கதை மனசில் நிற்கிறது. அந்தச் சண்டையில் இருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் நினைவுக்குறிப்பில் வருகிறது. இறந்துபோன பிரெஞ்சு ஜெனரல் ரூசோ ஒரு வெள்ளைப் பூடில் நாய் வளர்த்தார். எஜமானின் உடலைவிட்டு அது நகரவில்லை. புதைத்த பிறகும் குழியின் மேலேயே படுத்துக்கொண்டது, சாப்பிட மறுத்தது. கிரகாம் போய் அதனிடம் மெதுவாகப் பேசி, தேற்றி, தன்னோடு கூட்டிக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்களை வெறுத்துப் போருக்கு வந்தவர், ஒரு பிரெஞ்சு நாயின் துக்கத்தின் முன்னால் மண்டியிட்டார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

இதோடு நிறுத்தினால் இது ஒரு அழகான கதை. ஆனால் சான் செபாஸ்டியனைச் சொல்லாமல் கிரகாமைப் பற்றிச் சொல்ல முடியாது.

1813. வெலிங்டனின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்களை ஸ்பெயினைவிட்டே துரத்திக்கொண்டிருந்தார்கள். விட்டோரியா போரில் இடப்பக்கப் படையை நடத்தி, பிரான்சுக்குத் திரும்பும் பெருவழியை வெட்டியது கிரகாம்தான். வெயிலில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டிருந்தது. அதோடுதான் போரிட்டார். அடுத்து, வட கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த சான் செபாஸ்டியன் கோட்டை. முற்றுகைப் பொறுப்பு அவருக்கு.

ஜூலை 25-ல் முதல் தாக்குதல். தோல்வி, நூற்றுக்கணக்கில் சாவு. ஆகஸ்ட் 31-ல் இரண்டாவது. கடல் வடிந்த நேரம் பார்த்து, ஆற்று மணலைக் கடந்து, பீரங்கியால் இடித்த மதில் பிளவில் ஆட்கள் ஏறினார்கள். ஏற ஏற விழுந்தார்கள். பிளவைத் தாண்ட முடியவில்லை. அப்போது கிரகாம் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த பீரங்கிகளை, சொந்த ஆட்களின் தலைக்குச் சில அடி மேலே குண்டு போகும்படி சுடச் சொன்னார். கொஞ்சம் தாழ்ந்தாலும் சாவது தன் ஆட்கள்தான். குறி தவறவில்லை. மதிலின் மேல் பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து தீப்பிடித்து வெடிக்க, ஆட்கள் உள்ளே பாய்ந்தார்கள். அன்று ஒருநாளில் மட்டும் 2,000 பேருக்கு மேல் இறந்தோ காயப்பட்டோ விழுந்தார்கள்.

இங்கே ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஊர் ஸ்பெயினுடையது. உள்ளே இருந்த ஜனங்கள் எதிரிகள் இல்லை, நேச நாட்டுக்காரர்கள். பிரெஞ்சுப் பிடியிலிருந்து தங்களை மீட்க வந்தவர்கள் என்று பிரிட்டிஷ், போர்ச்சுகீசியச் சிப்பாய்களை வாழ்த்தி வரவேற்றவர்கள். சிப்பாய்கள் ஒயின் கிடங்குகளை உடைத்தார்கள். குடித்தார்கள். பிறகு நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் சாட்சியமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகக் கொள்ளை, கொலை, பெண்கள் மேல் வன்கொடுமை. நாட்கணக்கில் நடந்தது. தீ பிடித்தது, அணைக்க ஆளில்லை. சுமார் 600 வீடுகள் இருந்த ஊரில் முப்பத்துச் சொச்சம் வீடுகள்தான் மிஞ்சின. பிரெஞ்சுக்காரர்கள் மேலே மலைக்கோட்டையில் இருந்தார்கள். அவர்கள் செப்டம்பர் 8-ல் சரணடைந்தபோது, கீழே ஊர் என்று ஒன்று இல்லை. அதே நாளில்தான் தப்பிய ஊர்ப்பெரியவர்கள் சுபியேதா என்ற சிற்றூரில் கூடி, சாம்பலின் மேல் மறுபடி ஊரைக் கட்டுவது என்று தீர்மானித்தார்கள்.

வேண்டுமென்றே எரித்துவிட்டார்கள் என்று ஸ்பெயினில் குற்றச்சாட்டு எழுந்தது. தீயைத் தொடங்கியது பிரெஞ்சுக்காரர்கள் என்று கிரகாம் மறுத்தார், வெலிங்டனும் மறுத்தார். கொள்ளை நடந்ததை வெலிங்டனால் மறுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் கோட்டை பிடித்த படை எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்தது, எந்தத் தளபதியாலும் அடக்க முடியாது என்று பரிந்து பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. இருக்கலாம். ஆனால் மற்ற எந்தத் தளபதியைவிடவும் இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடித்த சிப்பாய்கள் கையில் ஒரு பெண்ணின் உடல் சிக்கினால் என்ன ஆகும் என்பதைத் தன் கண்ணால் பார்த்து, 21 வருடம் அதைச் சுமந்தவர். தூலூஸில் பெட்டியை உடைத்தவர்களுக்குத் தலைவன் யார் என்று யாருக்கும் தெரியாது. சான் செபாஸ்டியனுக்குள் புகுந்தவர்களின் தளபதி யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஊரில் தப்பிய வீடுகளில் பெரும்பாலானவை இருந்த தெருவுக்கு இன்றைய பெயர் ஆகஸ்ட் 31 தெரு. வருடாவருடம் அந்த நாள் இரவில் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

அதற்குப் பின் கிரகாமின் போர் வாழ்க்கை நீளவில்லை. அக்டோபரில் பிரெஞ்சு எல்லை ஆற்றைக் கடந்தார். 1814 மார்ச்சில் ஹாலந்தில் பெர்கன்-ஓப்-சூம் கோட்டையை இரவோடிரவாகப் பிடிக்கப் போய், உள்ளே நுழைந்த பாதிப் பேரைக் கைதிகளாக இழந்து திரும்பினார். கடைசிச் சண்டை தோல்விதான். மே மாதம் லைனடாக் பிரபு பட்டம் வந்தது. கூடவே வருடத்துக்கு 2,000 பவுண்டு ஓய்வூதியம் தருவதாகச் சொன்னார்கள். பணம் வேண்டாம் என்றுவிட்டார்.

போரில்லாத காலத்தில் ராணுவ அதிகாரிகள் கூடிப் பேச லண்டனில் ஒரு கிளப் வேண்டும் என்று 1815-ல் முன்னின்று தொடங்கினார். அதுதான் யுனைடெட் சர்வீஸ் கிளப். ஆஸ்திரேலியாவில் ஒயினுக்குப் பெயர்போன பரோசா பள்ளத்தாக்கும், அங்குள்ள லிண்டாக் ஊரும் இவரை வைத்து வந்த பெயர்கள்தான். வைத்தவர் வில்லியம் லைட், ஸ்பெயின் போரில் இருந்தவர். நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிய பினாங்கு நகரைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் மகன். எழுதும்போது இரண்டு பெயரிலும் ஒரு எழுத்துத் தவறிவிட்டது, அப்படியே நிலைத்தும்விட்டது.

கண்ணில் பலமுறை அறுவைசிகிச்சை. ஆனாலும் எண்பது வயது தாண்டியும் வேட்டைக் குதிரையில் ஏறினார். 1842-ல் விக்டோரியா மகாராணி ஸ்காட்லாந்து வருகிறார் என்று கேள்விப்பட்டு, 93 வயதில் சுவிட்சர்லாந்திலிருந்து அடித்துப் பிடித்து வந்து வரவேற்றார். மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. 1843 டிசம்பர் 18 அன்று லண்டனில் இறந்தபோது வயது 95. மேரி போய் 51 வருடம் ஆகியிருந்தது. மெத்வென் மண்டபத்தில் மேரியின் பக்கத்திலேயே அவரையும் வைத்தார்கள்.

சொத்து, உறவினர் ராபர்ட் கிரகாமுக்குப் போனது. அரை நூற்றாண்டாக யாரும் பார்க்காத அந்த ஓவியமும் அப்போதுதான் வெளியே வந்தது. பட்டின் சிவப்பு மங்கவில்லை. 1859-ல் அது ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக் கூடத்துக்குக் கொடுக்கப்பட்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு. எந்தக் காரணத்துக்காகவும் மேரியை ஸ்காட்லாந்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.